தையலுக்கு விட்ட ஒரு அடி

தெருவில் என்னைத் ‘தாராளம்’ என்று கூப்பிடுவார்கள். கை தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். என் செலவில் டீ குடித்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று என் மனைவியே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பெண்களுக்கு உடை தைக்கிறவன். யார் வந்து என்ன அளவு கொடுத்தாலும் உள்ளே இரண்டு இஞ்சு கூட விட்டுத்தான் தைப்பேன். இன்றைக்கு இருக்கிற உடம்பு அடுத்த வருஷம் இருக்காது. அப்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம், உடை பிழைத்துக்கொள்ளும். என்னிடம் இருக்கிற ஒரே நல்ல குணம் இதுதான். இந்த நல்ல குணம்தான் எங்கள் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்தது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அக்கா ஒரு பெட்டியோடு வந்தாள். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு, போதும் என்று கிளம்பி வந்தவள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதே அவளாகச் சொன்னாள்.

“கல்யாணமான மூணாவது வாரம், அந்த மனுஷன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு வந்து வீட்டுல இருந்த எல்லாக் கதவுலயும் உள்தாழ்ப்பாளைக் கழட்டிட்டார்டா. குளியலறையைக்கூட விடல. ‘எங்கிட்ட மறைக்க உனக்கு என்ன இருக்கு?’ன்னார். இருபத்தாறு வருஷம் ஆச்சு. எனக்கு மாளிகையெல்லாம் வேணாம். ஒரு ரூம், அதுக்கு ஒரு கதவு, அதுல உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அது போதும்.”

“இவ்வளவுதானேக்கா” என்றேன். சொல்கிறவனுக்கு என்ன, வாய்தானே.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு தையலறை. அக்காவுக்குத் தையலறையைக் கொடுத்தோம். கொடுத்தோம் என்பதே கொஞ்சம் அதிகம். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் ஒரு மெத்தை போட்டோம். தலைமாட்டில் ஓவர்லாக் மெஷின், கால்மாட்டில் தலையில்லாத பொம்மை. கதவைத் திறந்தால் மேலே கட்டியிருக்கிற மணி அடிக்கும். காலையிலிருந்து இருட்டும்வரை வாடிக்கைக்காரிகள் வந்துகொண்டே இருப்பார்கள், மணியும் அடித்துக்கொண்டே இருக்கும். அரை நாள் வேலை முடிந்து வந்து படுத்திருக்கிற அக்கா மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, “இந்தக் கலர் உனக்கு எடுக்காதும்மா” என்பாள். இப்படி மூன்று வாடிக்கைக்காரிகளை இழந்தேன். அவள் சொன்னது மூன்று தடவையும் சரி என்பது வேறு விஷயம்.

குளியலறையில் இன்னொரு தொல்லை. அக்கா உள்ளே போனதும் பாட ஆரம்பிப்பாள். குரல் என்று ஒன்று இருந்தால் பரவாயில்லை. ஒரே பாட்டு, ஒரே இரண்டு வரி, தண்ணீர் விழ ஆரம்பித்ததிலிருந்து தலை துவட்டி முடிகிறவரை. “இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் எப்படித் தாங்கினார்?” என்று ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பெட்டியோடு வந்தது இது முதல் தடவை அல்ல. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்தாள். என் மனைவி அப்போது நிறைமாதம். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. வாசலில் நின்றவளிடம், “இங்க இடமில்லையேக்கா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ” என்று சொன்னேன். இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் வேண்டியிருந்தால் மேஜைக்கு அடியில் அப்போதும் இடம் இருந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். இந்தத் தடவை எப்படியாவது அவளுக்கு ஒரு கதவு போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் துடித்தது அதனால்தான்.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை சும்மா கிடந்தது. ஒரு மரம், ஒரு துணி காயப்போடும் கம்பி, உடைந்த இரண்டு தையல் மெஷின். அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று முடிவு செய்தோம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். அக்கா இரண்டாவதைப் பண்ணிப் பார்த்துவிட்டாள். முதலாவது என் பங்குக்கு வந்தது.

ஜெராக்ஸ் கடை ஒன்றின் மூலையில் பிளான் போடுகிற ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதில் ஒரு பென்சில், வாயில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். படம் மட்டும் கம்ப்யூட்டரில்தான் போடுவார்.

“கொல்லைல வீடுன்னா ரெண்டு வழி சார்” என்றார். “பொது வழில போனா எட்டு மாசம். தண்ணி ஆபீஸ், தீயணைப்பு ஆபீஸ், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நோட்டீஸ், அவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது, எல்லாம் இருக்கு. ‘சார்ந்திருப்பவருக்கான துணைக் குடியிருப்பு’ன்னு போட்டா ஆறு வாரம். ஒரே ஜன்னல், நகராட்சி ஆபீஸ் மூணாம் ஜன்னல்.”

“சார்ந்திருப்பவர்னா?”

“நீங்க இல்லாட்டி கதியில்லைன்னு இருக்கறவங்க. உடம்பு முடியாதவங்க. ஒரு வியாதி எழுதினாப் போதும், யாரும் நோண்ட மாட்டாங்க.”

“எங்க அக்காவுக்கு வியாதியே கிடையாதே.”

“முட்டி வலி கூடவா இல்ல?” என்று பென்சிலுக்கும் பல்லுக்கும் நடுவில் கேட்டார்.

அக்கா செடி விற்கிற நர்சரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இருபத்தைந்து கிலோ மண் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் முதலாளிக்கு அறிவுரையும் சொல்லிக்கொண்டு போகிறவள். முட்டி வலி அவளைப் பார்த்தால் அதுவே ஓடிவிடும். இருந்தாலும் எழுதினேன். ‘முட்டி வலி.’ எழுதிவிட்டுப் பார்த்தால் அந்தக் கட்டத்தில் இன்னும் மூன்று வரி காலியாக இருந்தது. இரண்டு இஞ்சு விட்டுத் தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அடுத்த வரியில் ‘அடிக்கடி மயக்கம்’ என்று எழுதினேன். அதற்கடுத்து ‘ஞாபக மறதி.’ கடைசி வரியில் ‘தூக்கத்தில் நடப்பது.’ பொம்மைக்கு ஊசி குத்தி நிறுத்துகிற மாதிரி கீழே ஒரு வாக்கியமும் சேர்த்தேன்: ‘இவரைத் தனியாக விட முடியாது.’

பிளான்காரர் வாசித்துவிட்டு வாயிலிருந்த பென்சிலை எடுத்தார். “ஒண்ணு போதும்னு சொன்னேனே சார்.”

“கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே” என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “ஏங்க, ஒரு பொய் சொன்னா தாங்கும். நாலு பொய்யை எங்க வெச்சுக் காப்பாத்துவீங்க? அண்ணிக்குத் தெரியுமா?”

“கட்டி முடிச்சதும் சொல்லிக்கலாம்.”

“நல்லா சொல்வீங்க” என்று மட்டும் சொன்னாள்.

அக்காவிடம் ஆறு வாரம் என்று சொன்னேன். மறுநாள் நர்சரியிலிருந்து வரும்போது செய்தித்தாளில் சுற்றி எதையோ கொண்டு வந்தாள். பித்தளைத் தாழ்ப்பாள். ஒரு சாண் நீளம், நல்ல கனம், கூடவே ஆறு ஸ்க்ரூ. என் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து அதற்குப் போட்டாள். தினமும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அதை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்பாள். டக், டக். கதவே இல்லாத தாழ்ப்பாள். வீடு வந்தால் சத்தமில்லாமல் நகர வேண்டுமாம், அதற்காகப் பழக்குகிறாளாம்.

அளவெடுக்கிற வேலை என்னுடையது. முப்பது வருஷமாக அளவெடுத்தே சாப்பிடுகிறவன், இதற்கு வேறு ஆளா? கழுத்தில் தொங்குகிற டேப்பையும் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினேன். தையல்காரன் டேப் அறுபது இஞ்சு, அதாவது ஐந்து அடிதான். அதனால் துண்டு துண்டாக அளந்தேன். ஆறு துண்டு வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் இந்தப் பக்கம் ஒரு இஞ்சு, அந்தப் பக்கம் ஒரு இஞ்சு தையலுக்குச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு துண்டை இணைத்தால் நடுவில் துணி உள்ளே போகும், அதைக் கணக்கில் விடாதவன் தையல்காரனே இல்லை. மண்ணுக்குத் தையல் கிடையாது என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவில்லை. முப்பத்தொரு அடி என்று எழுதிக் கொடுத்தேன். பிளான்காரரும் அதை வைத்து வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஆறு அடி, அறை இருபது அடி, பின்சுவருக்கு முன் சட்டப்படி ஐந்து அடி என்று அழகாகப் படம் போட்டு, மூன்றாம் ஜன்னலில் கொடுத்துவிட்டார்.

ஐந்தாவது வாரம், சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாம் ஜன்னல் அதிகாரியே வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதுப் பெண்மணி. கக்கத்தில் ஹெல்மெட், ஒரு கையில் ஃபைல், இடுப்பில் முப்பது மீட்டர் இரும்பு டேப். அந்த டேப்பை அவர் ஒரு இழுப்பு இழுத்து விட்டதும் அது சர்ரென்று ஓடி உள்ளே போன அழகைப் பார்த்து எனக்கு வாய் ஊறியது.

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஏணி போட்டு, மரத்தின் பாதி உயரத்தில் நின்றுகொண்டு, அறை வரப்போகிற இடத்தை மறைத்திருந்த கிளையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

அதிகாரி முதலில் அளந்தார். நீளவாக்கில் ஒரு தடவை. ஃபைலைப் பார்த்தார். மறுபடியும் ஒரு தடவை.

“முப்பதுதான் வருது. பிளான்ல முப்பத்தொண்ணு இருக்கு. ஒரு அடி எங்கங்க?”

“தையலுக்குப் போயிருக்கும் மேடம்” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அவர் என் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் டேப்பைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கினார் என்று நினைக்கிறேன். “சரி, ரூம் பத்தொன்பது அடியா குறைச்சுக்கறேன்” என்று சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். “நோயாளி எங்க?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால்கூட சோறு வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. கிளை சடசடவென்று முறிந்து எங்கள் முன்னால் விழுந்தது. ரம்பத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அக்கா ஏணியில் சரசரவென்று இறங்கி வந்தாள்.

“இவங்கதான்” என்றேன்.

“மயக்கம் வர்றவங்க ஏணில ஏறக்கூடாதும்மா” என்றார் அதிகாரி.

“யாருக்கு மயக்கம்?” என்றாள் அக்கா.

மனைவி சமையலறை ஜன்னலை மெதுவாகச் சாத்தினாள். முழுவதும் சாத்தவில்லை, கேட்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான்.

அதிகாரி ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அனுமதி உத்தரவு கையோட கொண்டு வந்திருக்கேன். குடியிருக்கப் போறவங்களுக்கு நிபந்தனைகளை வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கணும்கறது விதி. கேட்டுக்கங்க.” வடிகால், விளக்கு, தீயணைப்பு என்று பதின்மூன்று வாசித்தார். அக்கா ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். “பதினாலு. விண்ணப்பத்துல சொல்லியிருக்கற மயக்கம், மறதி, தூக்கத்துல நடக்கறது இதையெல்லாம் கருதி, குளியலறை உட்பட எந்தக் கதவுலயும் உள்தாழ்ப்பாள் இருக்கக்கூடாது. எப்பவும் வெளியிலேர்ந்து திறக்க முடியணும்.”

ரம்பம் துடைத்த கை நின்றது.

“அந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் குடுங்க” என்றாள்.

என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். எழுத்துக்கூட்டி எழுத எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். நான்கு வரியையும் வாசித்தாள். கீழே இருந்ததையும் வாசித்தாள்.

“முட்டி வலி மட்டும் எழுதியிருந்தா?” என்று அதிகாரியைக் கேட்டாள்.

“பதினாலு வந்திருக்காது. கைப்பிடிக் கம்பி ஒண்ணு வெக்கச் சொல்லியிருப்போம், அவ்வளவுதான்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவனாவது தனக்கு வைத்துக்கொண்டான்.

“‘தனியாக விட முடியாது’” என்று அக்கா சத்தமாக வாசித்தாள். என் பக்கம் திரும்பினாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இதே வார்த்தைடா. ஒரு எழுத்து மாறல. நான் எங்கயாவது வேலைக்குக் கேட்டு வெச்சா, எனக்கு முன்னாடி அங்க போய் அவர் இதைத்தான் சொல்வார். என் சிநேகிதிங்க வீட்டுலயும் இதைத்தான் சொன்னார். நீயும் அவரும் உக்காந்து பேசிக்கிட்டீங்களா?”

அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கிசுகிசுத்தேன். “அக்கா, இப்ப கையெழுத்துப் போட்டுடு. மேடம் போனதும் நானே தாழ்ப்பாள் அடிச்சுத் தரேன். யார் வந்து பார்க்கப் போறா?”

“திருட்டுத் தாழ்ப்பாளா?” என்றாள். “எவனாவது ஒருத்தன் ஒரு நாள் இந்தப் பேப்பரைக் காட்டிட்டு அதைக் கழட்டிட்டுப் போவான். நான் மறுபடியும் பார்த்துக்கிட்டு நிக்கணும். வேணாம்.”

“ஆனா எட்டு மாசம் ஆகும்க்கா...”

“உன் வீட்டுக் குளியலறையில தாழ்ப்பாள் உடைஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு?”

எனக்குப் புரியவில்லை. பதினேழு வருஷம் ஆகியிருக்கும். என் மகன் மூன்று வயதில் உள்ளே மாட்டிக்கொண்டபோது உடைத்தது. அவன் இப்போது வேறு ஊரில் கல்லூரியில் இருக்கிறான். நாங்கள் பக்கெட்டை முட்டுக் கொடுத்துக் குளித்துப் பழகிவிட்டோம்.

“நான் எதுக்குப் பாடறேன்னு நினைச்ச?” என்றாள். “உள்ள ஆள் இருக்குன்னு தெரியணும்ல. இருபத்தாறு வருஷமா அதுதான்டா என் தாழ்ப்பாள். இங்க வந்தும் அதையேதான் பாடிக்கிட்டிருக்கேன்.”

பின்னால் சொல்கிறேன் என்றேனே, இதுதான். பதினோரு மாதமாக என் வீட்டுக்குள் அவள் அதே பழைய வீட்டில்தான் இருந்திருக்கிறாள். நான் உட்கார்ந்து குரலைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலேயே, வெட்டிய கிளைமேல் உட்கார்ந்து, அதிகாரி பார்க்க நான் அழுதேன். ஆம்பிளை அழுதால் ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. படிவத்தில் எழுதிய மறதி எனக்கே வந்துவிட்டது போல.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “பொய் விண்ணப்பத்துக்கு நடவடிக்கை எடுக்கலாம். எடுத்தா இன்னும் ஆறு படிவம் நான் எழுதணும். எனக்கு அதுக்குத் தெம்பில்ல. ‘மனுவை வாபஸ் வாங்கறேன்’னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நான் ஏணியைப் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். பொது வழில புதுசா போடுங்க.” பைக்குள்ளிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். நான் கை நீட்டினேன். அவர் அதை அக்காவிடம் கொடுத்தார். “நீங்களே எழுதுங்கம்மா. இவர் பேனாவைத் தொட வேணாம்.” போகும்போது திரும்பி, “முப்பது அடின்னு எழுதுங்க” என்றார்.

அவர் வண்டி தெரு திரும்புகிறவரை நான் கிளைமேலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து உள்ளே போனேன். தையலறையில் அக்கா வெற்றுப் படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, தாழ்ப்பாளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அதைக் குடுக்கா” என்றேன்.

“எதுக்கு? எட்டு மாசம் ஆகும்னு நீதானே சொன்ன.”

நான் பரணிலிருந்து டிரில்லிங் மெஷினை இறக்கினேன். தையலறைக் கதவைச் சாத்தி, உள்பக்கம் முழங்கை உயரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

“டேய், இது உன் கடைடா. வாடிக்கைக்காரங்க வருவாங்க.”

“தட்டிட்டு வரட்டும்.”

“உன் கத்திரி, மெஷின் எல்லாம் இங்கதான இருக்கு.”

“நானும் தட்டிட்டு வரேன்.”

அவள் செய்தித்தாளைப் பிரித்துத் தாழ்ப்பாளை என் கையில் வைத்தாள். அதைக் கதவில் வைத்து ஓட்டைக்குக் குறி போட்டேன். பழக்க தோஷம், குறி ஒரு நூல் அகலமாகவே விழுந்தது.

“அளவா போடுறா” என்றாள்.

அழித்துவிட்டுச் சரியாகப் போட்டேன். முப்பது வருஷத்தில் ஒரு நூல்கூட விடாமல் நான் செய்த முதல் வேலை அது. ஆறு ஸ்க்ரூ. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கு எந்த ஜன்னலிலும் மனுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, எந்த வியாதியும் வேண்டியிருக்கவில்லை. பதினோரு மாதத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். இருபது வருஷத்துக்கு முன்னாலும் செய்திருக்கலாம். ஸ்டூல்மேல் ஏறி அந்த மணியையும் கழற்றினேன். பிறகு தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. நன்றாகப் பழக்கியிருந்தாள்.

“சரி, வெளிய போ” என்றாள் அக்கா.

போனேன். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சின்ன உராய்வு, அவ்வளவுதான்.

கூடத்தில் நின்றேன். வரும்போது எடுத்துக்கொண்டு வந்த, பித்தான் வைக்க வேண்டிய ஒரு கவுன் கையில் இருந்தது. ஊசி, நூல், பித்தான் எல்லாம் உள்ளே. நான்கு மணிக்கு வாங்கிக்கொள்ள ஆள் வரும். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, வெளிய நிக்கறீங்க?” என்றாள்.

“உள்ள ஆள் இருக்கு” என்றேன்.

அவள் கதவைப் பார்த்தாள். காது கொடுத்துக் கேட்டாள். நானும் கேட்டேன். தாளில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா பாடவில்லை.

மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, “குளியலறைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான்கு மணிக்கு வாடிக்கைக்காரி சரியாக வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கதவை ஒரு விரலால் தட்டினேன்.

“யாரு?” என்றாள் அக்கா.

“நான்தான்க்கா. ஊசி வேணும்.”

“அப்புறம் வா” என்றாள்.

வாடிக்கைக்காரிக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.